பதினோராவது படி

நெடுங்கல் மலையில் எக்ஸ்ரே பிலிம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியில் பிலிம் அடுக்குகிற பூங்காவனத்தின் உள்ளங்கைகளிலிருந்து ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வர ஆரம்பித்தது. விடிவதற்குச் சற்று முன்னால் ஜன்னல் கண்ணாடியில் தெரியுமே, நிறமும் சூடும் இல்லாத வெளிச்சம், அது மாதிரி. அவள் இருபத்திரண்டு வருஷமாக முழு இருட்டில் நின்று, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணி, பெட்டிக்கு நூறு தாள் என்று அடுக்கிக்கொண்டிருந்தவள். அவள் மூடிய பெட்டியில் தொண்ணூற்றொன்பது இருந்தது என்றோ நூற்றொன்று இருந்தது என்றோ ஒரு நாளும் புகார் வந்ததில்லை. இருட்டில் வேலை செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள், திறந்து வைத்துப் பயனில்லை என்பதால். அதனால் அவள் பக்கத்தில் நின்ற ஆறு பெண்களும் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. நெஞ்சு வலி என்று வந்தவரைப் படம் எடுத்தால் விலா எலும்புகளுக்கு மேலே ஐந்து விரலோடு ஒரு கை விழுந்திருக்கிறது, இன்னொரு பெட்டியைத் திறந்து எடுத்தாலும் அதே கை விழுகிறது, படத்தைப் பார்த்த நோயாளி தன்னை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தைரியமாகி, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார், மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் கேட்டிருந்தார்.

கடிதம் பொன்னுரங்கத்திடம் வந்தது. பிலிமைச் சோதிக்கிறவர் அவர்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வந்தவர், முப்பத்தொரு வருஷமாக அதே இருட்டறையில் இருப்பவர், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவர், ஆனால் எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் சாப்பாடு இறங்காதவர். அவர் அடுக்கும் அறைக்குப் போய் நின்று, அங்கே யாரும் செய்யாத காரியமாகக் கண்ணைத் திறந்தார். மேஜை ஓரத்தில் இரண்டு கைகள் தாமாக வெளுத்து, தாள்களை எண்ணிக்கொண்டிருந்தன.

"பூங்காவனம், கையைக் கொஞ்சம் மூடும்மா" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "அட" என்றாள். பிறகு, "எண்பத்தேழு தாள் ஆயிருக்குண்ணே, இந்தப் பெட்டிய என்ன செய்ய?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில் பொன்னுரங்கத்துக்கு வேறொரு தலைவலி இருந்தது. பிலிம் சோதனை என்பது சின்ன வேலைதான். வெளுப்பிலிருந்து கறுப்பு வரை இருபத்தொரு படி உள்ள ஒரு கண்ணாடிப் பட்டையைப் பிலிம் துண்டின் மேல் வைத்து, ஒரு விளக்கைக் கண் இமைக்கும் நேரம் காட்டி, கழுவி, எத்தனை படி விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். பதினொன்று விழுந்தால் நல்ல பிலிம். குறைந்தால் மந்தம், கூடினால் துடுக்கு. ஆனால் விளக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி எரிய வேண்டும். விளக்கு மாறினால் தப்பு பிலிமிலா விளக்கிலா என்று யாருக்கும் தெரியாது. சீமையிலிருந்து வந்த கடைசி பல்பு சித்திரையில் போய்விட்டது. உள்ளூர் பல்பு, எதிர்ச்சரிவில் தேயிலை ஆலை மெஷினைப் போட்டதும் இரண்டு படி இறங்கியது. பேட்டரி விளக்கு காலையில் பதினொன்று, மத்தியானம் ஒன்பது. பெட்ரோமாக்ஸ் மூச்சு வாங்கியது. மெழுகுவத்தி யாராவது கதவைத் திறந்தால் பயந்தது. வெயிலை ஓட்டை வழியாக விடலாம் என்று பார்த்தால் அந்த மலையில் வெயில் வருகிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் இருபது துண்டு வைத்து, மொத்தம் நூறு துண்டு கழுவி, நூறையும் எண்ணி, எதுவும் ஆகாது என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

அடுக்குகிற வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பூங்காவனம், இருட்டறை வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், "என் கையை வச்சுப் பாருங்களேண்ணே" என்றாள். ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குப் பின்னால் அவள் வலது உள்ளங்கையை நிறுத்தினாள். ஆவணி மாதம் முப்பது நாள், நாளுக்கு மூன்று துண்டு, தொண்ணூறு துண்டு. மழை நாளில் பதினொன்று. அவளுக்குக் காய்ச்சல் அடித்த நாளில் பதினொன்று. அடிவாரத்தில் கட்டிக்கொடுத்த மகள் குமுதா நாலு மாதமாக முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த நாளிலும் பதினொன்று.

அச்சடித்த பாரத்தில் 'விளக்கின் வகை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆள் பெயர் எழுத வேறு கட்டம் இல்லை. பொன்னுரங்கம் அந்தக் கட்டத்தில், 'பூங்காவனம், வலது கை' என்று எழுதி, கீழே, 'தொண்ணூறு தடவையும் பதினொன்று. மாறாதது இதன் குணம். பொருத்தமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைத்தான் பின்னால் அவர் பலமுறை நினைத்து நினைத்து மரத்துப் போய் உட்கார்ந்தார்.

புரட்டாசி பிறந்ததும் உத்தரவு வந்தது. பழைய பல்புக்காகப் பொன்னுரங்கமே பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதி, இருட்டறைக் கதவுக்குள் ஒட்டி வைத்திருந்த ஒன்பது விதிகளை மேனேஜர் ரகோத்தமன் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். விளக்கை வைத்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாது என்பது முதல் விதி. பூங்காவனத்தின் கட்டிலும் தட்டும் இருட்டறைக்குப் பக்கத்து அறைக்கு வந்தன. வெறும் கையால் தொடக் கூடாது என்பது இரண்டாவது. சாப்பாடு கொண்டு வருகிற பெண் கையுறை போட்டுக்கொண்டாள். அறையின் சூடு ஏறவோ இறங்கவோ கூடாது. எரிந்த நேரத்தைக் குறித்து வர வேண்டும். ஒருவர்தான் இயக்க வேண்டும். சோதனைக்கு முன் விளக்கைக் கலைக்கக் கூடாது என்பது ஆறாவது. சீட்டு இல்லாமல் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பது எட்டாவது.

"சார், இது பல்புக்கு எழுதினது" என்று பொன்னுரங்கம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் மேனேஜர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தார்.

"புதுசா நான் எதுவும் போடலையே பொன்னுரங்கம். நீங்க எழுதினதுல ஒரு எழுத்து மாத்தலை. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க" என்று மேனேஜர் மனதார மெச்சினார்.

நெடுங்கல்லில் யாரும் திடுக்கிடவில்லை. பொன்னுரங்கத்தைத் திடுக்கிட வைத்ததே அதுதான். கேன்டீன்காரர் மிளகாய் போட்டால் வெளிச்சம் ஏறும் என்று தானாகவே அவளுக்கு மட்டும் மிளகாயை நிறுத்தினார். யூனியன் தலைவர், ஆளாகக் கணக்கு வைத்தால் எட்டு மணி நேரம்தான் வேலை, விளக்காகக் கணக்கு வைத்தால் எங்களுக்குப் பேச உரிமை இல்லை, எதுவென்று சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்டார். பதில் வராததால் பதில் வராததைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து இந்த விளக்குக்கு மீட்டர் உண்டா என்று பார்த்து, இல்லை என்று குறித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கம்பெனி லைன் வீடுகளில் அவளோடு குடியிருந்த பெண்கள் முறை வைத்து அவளுடைய பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டார்கள். கரண்ட் போனால் மட்டும், பூங்காவனம் இங்கே இருந்தால் தேவலை என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டோர்காரர் கருவிகளுக்கெல்லாம் நம்பர் போட்டுக்கொண்டே வந்தவர், அவள் முன்னால் கொஞ்சம் யோசித்து, பெயின்ட் அடிப்பது மரியாதை இல்லை என்று பித்தளையில் 'வி-7', அதாவது ஏழாம் விளக்கு, என்று பொறித்து நூலில் கோத்துக் கொடுத்தார். அவளும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். ஊர் இப்படி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாய் சாப்பிடுவதுபோல அந்த அதிசயத்தைச் சாப்பிட்டு முடித்தது. பொன்னுரங்கத்துக்கு மட்டும் அது தொண்டையிலேயே நின்றது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர்கள், தராசுக்கு வைத்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு வைத்தார்கள், கடிகாரத்துக்கு வைத்தார்கள், பிறகு கை நிறுத்தாமல் பூங்காவனத்தின் நெற்றிக்கும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் வைத்தார்கள். சந்தனத்தையும் மீறி வெளிச்சம் வந்தது. கற்பூரம் காட்டினார்கள். பொரியும் கடலையும் வாழைப்பழமும் அவள் முன்னால் படைத்தார்கள்.

"பசிக்குது, கொஞ்சம் பொரி குடுங்க" என்றாள் பூங்காவனம்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்காரர், "படைச்சதும் நீங்களே எடுத்துக்கிட்டா நாங்க எங்க போறது?" என்றார். படைத்ததை எடுத்து நூற்று நாற்பது பேருக்கும் பகிர்ந்தார்கள். கருவிக்குப் பங்கு வைக்கிற வழக்கம் இல்லாததால் அவளுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பொன்னுரங்கம் தன் பங்குப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுக்குண்ணே தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? பொட்டு வச்சா வச்சுட்டுப் போறாங்க" என்று பொரியை மென்றாள். "உங்க ஒன்பது விதியும் எனக்கு மனப்பாடம். என் வெளிச்சத்துல படிக்க இந்த ரூம்ல வேற என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணுதான் புரியலை. ஒன்பதாவது எதுக்கு எழுதினீங்க?"

எரியாத விளக்கை அன்றைக்கே வெளியேற்றிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்பது ஒன்பதாவது. முன்பு ஒரு தடவை, போன பல்பு ஒன்று நல்ல பல்புகளோடு கலந்து, அது ஏன் எரியவில்லை என்று ஆளாளுக்குக் கழற்றி மாட்டி மூன்று நாள் வீணாகிவிட்டது, அதனால் எழுதினேன் என்றார் பொன்னுரங்கம்.

"சரிதான்" என்றாள். "வேலைன்னா அப்படித்தான் ஒழுங்கு வேணும்."

கார்த்திகையில் குமுதாவுக்கு வளைகாப்பு. விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். விளக்குகளுக்கு விடுப்பு இல்லை, பழுது பார்க்க மட்டும் வெளியே அனுப்பலாம் என்று பதில் வந்தது. வளையலைக் கேட்டிலேயே வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அன்றைக்கும் மூன்று துண்டு, மூன்றிலும் பதினொன்று. பொன்னுரங்கம் அந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாறாதது இதன் குணம் என்று எழுதிய தன் கையைப் பார்த்தார்.

தை மாதம் உறைபனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை காலையில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்து மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்; சனிக்கிழமை வரை இருந்து, பன்னிரண்டு விதப் பூச்சுக் கலவையில் செய்த பிலிமையும் சோதிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்களாம். மேனேஜர் எழுந்து அவரை வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

"கீழேருந்து போன். பூங்காவனத்தோட மருமகன். பொண்ணுக்கு வலி வந்து ரெண்டு நாள் ஆச்சாம், குழந்தை குறுக்கே கிடக்குதாம், ஆபரேஷன்னு சொல்றாங்களாம். அம்மாவை வரச் சொல்லுன்னு அனத்துதாம்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"சார், இன்னிக்கு வியாழக்கிழமை."

"சாப்பாடு கொண்டு போற பொண்ணை விட்டா, உள்ளே போறது நீங்க ஒருத்தர்தானே? அதுக்கு விஷயம் தெரியாது. நீங்க சொல்லாட்டி யாரு சொல்லப் போறா? சோதனைக்கு முன்னால விளக்கைக் கலைக்கக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன."

பொன்னுரங்கம் இருட்டறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். முதல் கலவையின் துண்டை எடுத்து, கண்ணாடிப் பட்டைக்கு அடியில் வைத்து, ஓட்டையின் மூடியைத் திறக்கிற கயிற்றைக் கையில் பிடித்தார். பெட்டிக்குப் பின்னால் பூங்காவனம் கையை நிறுத்தியிருந்தாள். அவள் தாடையும் மூக்கும் வெளிச்சத்தில் தெரிந்தன. கயிற்றை இழுத்தால் போதும், பதினொன்று விழும், அடுத்த துண்டு, பதினொன்று, சனிக்கிழமை வரை. முப்பத்தொரு வருஷமாக இழுத்த கை இழுக்கவில்லை. அவர் வாய், நாலு பேர் முன்னால் திறக்காத வாய், இருட்டில் தானாகத் திறந்துகொண்டது.

"பூங்காவனம், குமுதாவுக்கு வலி வந்து ரெண்டு நாளாச்சு. குழந்தை குறுக்கே கிடக்காம். உன்னைக் கேக்குதாம். காலையில போன் வந்தது. சொல்லக் கூடாதுன்னாங்க."

அவர் தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்பது வரை எண்ணியபோது அவள், "இழுங்கண்ணே" என்றாள்.

இழுத்தார். துண்டை எடுத்து மருந்தில் போட்டார். ஐந்து நிமிஷம், முந்நூறு எண்ண வேண்டும். நூற்றுச் சொச்சம் எண்ணும்போதுதான், என்னவோ மாதிரி இருக்கிறதே, எதுவும் தெரியவில்லையே என்று பட்டது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஐந்து மாதமாக அந்த அறையில் இல்லாத இருட்டு, சுவரும் கூரையும் இல்லாத பழைய இருட்டு, வந்து நிறைந்திருந்தது. எண்ணிக்கையை அவர் விடவில்லை. முந்நூறு ஆனதும் துண்டைக் கழுவி, சிவப்பு விளக்கைப் போட்டு உயர்த்திப் பிடித்தார்.

"எத்தனைண்ணே?"

"ஒண்ணும் விழலை."

"எண்ணிச் சொல்லுங்க."

வெறும் பிலிமை ஓரத்திலிருந்து ஓரம் வரை எண்ணினார். "சைபர்."

"அப்ப எழுதுங்க" என்றாள் பூங்காவனம். சிவப்பு வெளிச்சத்தில் அவள் கைகள் எல்லோருடைய கைகளையும்போல, வெடிப்போடும் நகக்கண்ணில் அழுக்கோடும் இருந்தன. "ஒன்பதாவது விதி."

அப்போதுதான் பொன்னுரங்கத்துக்கு விளங்கியது. காய்ச்சலிலும் மழையிலும் வளைகாப்பு அன்றைக்கும் விழுந்த பதினொன்றெல்லாம் வெளிச்சத்தின் குணம் இல்லை. இருட்டில் நூறு தாளை ஒன்று பிசகாமல் எண்ணுகிறவள், ஒவ்வொரு தடவையும் பதினொன்றாகவே எண்ணிக் கொடுத்திருக்கிறாள். வேலையை வேலையாகச் செய்துகொண்டிருந்தவளைத்தான் அவர் குணம் என்று எழுதிவிட்டார்.

நோட்டில் சைபர் என்று எழுதி, அதையும் ஈரப் பிலிம் துண்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நேராகப் போனார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. டெல்லிக்காரர்கள் முன்னால் மேனேஜர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் எரியலை?"

"காரணம் கேக்கக் கூடாதுன்னு இருக்கு சார்."

"யாரு சொன்னா அப்படி?"

"நான்தான் சார் எழுதினேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

டெல்லிக்காரர்களில் மூத்தவர் விதிகளைப் படித்துக் காட்டச் சொல்லி அர்த்தம் கேட்டு, இவ்வளவு ஒழுங்கான கம்பெனியை நான் பார்த்ததில்லை என்றார். மேனேஜர் வெளியே போகிற சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் பெள்ளன் நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். "வி-7 வெளிய போகுது. திரும்பி வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணை அடிக்கணும் சார்."

பொன்னுரங்கம் பேனாவை வாங்கி, 'திரும்பி வரும்' என்பதை ஒரே கோடாக அடித்தார். பூங்காவனம் மணிக்கட்டிலிருந்த பித்தளைத் தகட்டை அவிழ்த்துப் பெள்ளனின் மேஜையில் வைத்தாள். "விளக்கு இதோ இருக்குண்ணே. கணக்குல வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியமே மூடுபனி இறங்கியிருந்தது. கேட்டிலிருந்து பார்த்தால் ஒன்பது வளைவு தெரியும். முதல் இரண்டு வளைவில் பஸ் இருட்டாகத்தான் திரும்பியது. மூன்றாவதில் ஒரு ஜன்னலில் ஏதோ வெளுத்தது, சோதனைப் பட்டையில் முதல் படி விழுவதுபோல. நாலாவதில் மூன்று படி. ஐந்தாவதில் ஏழு. ஆறாவதில் பதினொன்றைத் தாண்டியது. பொன்னுரங்கம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தார். எட்டாவது வளைவில் ஜன்னல் அத்தனையும் கொதித்து, மூடுபனி பள்ளத்தாக்கு வரை வெள்ளையாயிற்று. ஒன்பதாவதில் இருபத்தொன்றுக்கு மேல் போய்விட்டது. அதற்கு மேல் அவரிடம் எண் இல்லை.

"எத்தனை சார்? குறிக்கணுமா?" என்றார் பெள்ளன்.

"வேண்டாம்."

பதினேழு நாள் கழித்து அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. குமுதா பிள்ளை பெற்ற பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள், சீல் உடைக்காதவை, பதினாறு. அத்தனையிலும் தாளுக்குத் தாள் கை விழுந்திருக்கிறது, மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறோம், பார்த்துப் பதில் எழுதவும் என்றிருந்தது.

பொன்னுரங்கம் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அகலமான ஒரு வலது கை, அவருக்குத் தெரிந்த கை. அதன் நடுவில், கொட்டைப்பாக்கு அளவு உள்ளங்கையோடு, இன்னொரு கை. அதற்கும் தனியாக ஒரு வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கறுப்பாக விழாது.

பெரிய கையின் விரல்களை எண்ணினார். ஐந்து. சின்னக் கையின் விரல்களை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு புகார் பாரத்தை எடுத்து, 'குறை' என்று அச்சடித்திருந்த கட்டத்தில், 'இல்லை' என்று எழுதினார்.